சுவருக்குப் பட்டுச் சட்டை

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். இந்தப் பழமொழி படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சைக்குப் படிக்கிற பையனைத் தூங்க வைக்க அது வேண்டும். சர்க்கரை வியாதிக்காரரைக் காலையில் எழுப்பித் தெருவில் நடக்க வைக்க அது வேண்டும். சுவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆகவே, பழமொழியை அதன் சொந்த வீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு வீட்டில் சுவர் கெட்டுப்போனால் என்ன செய்கிறார்கள்? காரை பெயர்ந்திருக்கிறது, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். சுவரைப் பற்றியா? இல்லை. தை பிறந்தால் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாதே என்ற கவலை. உடனே ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுகிறார். ஒரு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. இரண்டாம் தடவை நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறார். டைல்ஸுக்கு மேலே, ஐந்தாவது அடியில், ஓதம் எட்டிப் பார்க்கிறது. மூன்றாம் தடவை, பளிங்கு மாதிரியும் தேக்கு மாதிரியும் வேஷம் போடுகிற பி.வி.சி. பலகைகளை வாங்கி, தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவரையே மறைத்து ஆணி அடித்துவிடுகிறார். அப்பாடா! சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாதது இல்லாதது என்ற வேதாந்தத்தில் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நம்முடைய மொழி இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியமானது. கெட்டுப்போன ஒன்றைச் சீர் செய்வதற்கு அது வைத்திருக்கும் பெயர் 'பழுது பார்த்தல்'. முதலில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நாமோ பழுதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தலை விட்டுவிட்டோம். இப்போது நடக்கிற காரியத்துக்குப் 'பழுது மூடுதல்' என்று புதிய பெயர்தான் வைக்க வேண்டும். திறந்து பார்க்காமல் ஒரு சுவரை மூடுவது வீட்டுக்குச் செய்கிற துரோகம். அதற்குள் மூச்சு விட்டுக் குடியிருக்கப் போகிறவனுக்குச் செய்கிற துரோகம் அதைவிடப் பெரிது. என் கட்சி இதுதான். இதை நான் அழகுணர்ச்சியின் பெயரால் சொல்லவில்லை. சுவருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டதால் சொல்லுகிறேன்.

குத்துவிளக்கின் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே இருக்கிறது; யாரும் ஊற்றாமலே எண்ணெய் திரி வழியாக மேலே ஏறுகிறது. செங்கல் சுவரும் ஒரு திரிதான். மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்ணிய துளைகளின் வழியே ஏறுகிறது. வெறும் தண்ணீராக ஏறினால் பெரிய கெடுதல் இல்லை. மண்ணில் கரைந்திருக்கிற உப்பையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு போகாது. அது அங்கேயே படிகமாக உறைகிறது. உறையும்போது இடம் கேட்கிறது. இடமில்லாத இடத்தில் இடம் கேட்டால் என்ன ஆகும்? காரை பிளந்துகொண்டு பெயர்கிறது. மறுபடியும் ஐப்பசி கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரத்தை அதே உப்பு உறிஞ்சிக் கரைகிறது. பங்குனி வெயிலில் திரும்ப உறைகிறது. வருஷா வருஷம் இந்த ஆட்டம் நடக்கிறது. நாம் தூங்குகிற அறையின் சுவருக்குள், சத்தம் போடாமல், உளியில்லாமல் ஒரு கல்தச்சன் வேலை செய்கிறான்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலை ஒட்டியுள்ள ஊர்களில் இந்தத் தச்சனுக்கு ஓய்வே கிடையாது. காற்றில் உப்பு, மண்ணில் உப்பு, ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டு நல்ல நீரை உறிஞ்சிவிட்டால், காலியான இடத்துக்குக் கடல் உள்ளே வருவதால் கிணற்று நீரிலும் உப்பு. அந்த நீரிலேயே சாந்து குழைத்து, அந்த நீரையே சுவருக்குத் தெளித்து வீடு கட்டினால் உப்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியதாகத்தான் அர்த்தம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதியே சொல்லுகிறது. வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

கடலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற செங்கற்பட்டுக்காரர்கள், 'எங்களுக்குக் கடல் காற்று இல்லையே' என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம். அங்கே வேறு கதை. தெருவில் தார் மேல் தார் போட்டு, சாலை உயர்ந்துகொண்டே போகிறது. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீட்டுக்குள் பேரன் ஒரு படி இறங்கிப் போகிறான். ஈரம் மேலே ஏறாமலிருக்க அடிக்கட்டில் வைத்த கருங்கல் வரிசை மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு மேலிருந்த செங்கல் இப்போது தரைமட்டத்தில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால், இது எத்தனை வீட்டுக் கதை என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தச் சுவரை மூடினால் என்ன ஆகும்? தண்ணீருக்கு ஏறத் தெரியும், நிற்கத் தெரியாது. மூன்றடியில் காற்றோடு போயிருக்க வேண்டிய ஈரத்தை டைல்ஸும் கெட்டியான சிமெண்டுப் பூச்சும் வழி மறிக்கின்றன. அது வழி தேடி நாலாவது, ஐந்தாவது அடிக்குப் போகிறது. பலகை அடித்தால் இன்னும் மோசம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சமில்லாத, காற்றில்லாத, ஈரமுள்ள சந்து ஒன்றைப் பூஞ்சைக்காகவே கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பலகையைத் தாங்கும் மரச்சட்டத்தில் கரையானுக்குப் பந்தி. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமலும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. இரவெல்லாம் இருமுகிற குழந்தையை எத்தனை வைத்தியரிடம் காட்டுகிறோம்! அதன் கட்டிலை ஒட்டியிருக்கிற சுவரைக் கொத்தனாரிடம் காட்டினோமா?

என் தங்கை மகன் சென்ற வருஷம் செங்கற்பட்டில் ஒரு பழைய வீட்டை விலைக்குப் பார்த்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னையும் கூப்பிட்டான். நான் எனக்குத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் தோள் உயரத்துக்கு மரம் மாதிரி பலகை அடித்து, மேலே மெல்லிய மஞ்சளில் வர்ணம் பூசியிருந்தார்கள்.

"பளபளன்னு இருக்கு, இல்லையா மாமா?" என்றான் பையன்.

"இந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று தரகரைக் கேட்டேன்.

"சுவர்தான் சார் இருக்கும்! வேறென்ன இருக்கும்?" என்று சிரித்தார் அவர்.

கொத்தனார் சிரிக்கவில்லை. அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. குத்த வைத்து உட்கார்ந்து, தரையோரமாக இருந்த திருகாணிகளைப் பார்த்தார். "ஐயா, மேல் வரிசை ஆணியெல்லாம் புதுசா இருக்கு. கீழ் வரிசை ஆணித் தலை துருப் பிடிச்சிருக்கு பாருங்க. ஒரே நாள்ல அடிச்ச ஆணிதானே?" என்றார். பிறகு பலகை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு பலகையைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்த்துட்டு நானே மாட்டிக் குடுக்கிறேன்" என்றார்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. பலகை கெட்டுவிடுமாம்! தங்கை மகன் அட்வான்ஸைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். இரண்டு மாதத்துக்குள் அந்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷத் தவணைக் கடனாம். அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அவர் வாங்கியது வீட்டையா, பலகையையா?

விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியே ஆக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. சொல்லாமல் விடுவதை அந்தச் சட்டம் மோசடி என்றே அழைக்கிறது. சட்டம் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் 'புதுசா பெயிண்ட் அடிச்ச வீடு' என்பதே விற்பனைக்குப் பெரிய சிபாரிசாக இருக்கிறதென்றால், சட்டத்தை எழுதியவர்களுக்கு நம்மைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று திரும்பி வரும்போது கொத்தனாரிடம், "மற்றவர்கள் யாரும் இப்படித் தட்டிப் பார்ப்பதில்லையா?" என்று கேட்டேன். "எங்களுக்குச் சதுர அடிக் கணக்குலதான் கூலி, ஐயா. பூசினா காசு. தட்டிப் பார்த்தா யாரு காசு குடுக்கிறாங்க?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் நம் காலத்து வீட்டுப் பராமரிப்பின் லட்சணம் முழுவதும் இருக்கிறது. கைக்குக் கூலி கொடுக்கிறோம், கண்ணுக்குக் கொடுப்பதில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்ததற்குக் காசு தரமாட்டேன், மாத்திரைக்கு மட்டும் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனைப் பைத்தியம் என்போம். கொத்தனாரிடம் அதையே சொல்லுகிறவன் சாமர்த்தியசாலி!

இதே வட்டாரத்து மன்னர்கள் சுவரை எப்படி நினைத்தார்கள் என்று பார்க்கலாம். முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைக் குடைந்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்த கோயில் என்று அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். அவன் ஒதுக்கிய அந்த நான்கு சரக்கில்தான் நம்முடைய வீடுகள் நிற்கின்றன. நான்கையும் ஈரமும் உப்பும் தின்னும். ஆகவே நமக்குக் கவனம் அதிகமாக வேண்டும்.

அவனுக்குப் பின் வந்த ராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டு பெரிய கோயில்களைக் கட்டினான். ஒன்று மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். இன்னொன்று காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயில். ஒரே மன்னன் எழுப்பிய சுவர்களைப் பிற்காலத்தவர்கள் இரண்டு விதமாக நடத்தினார்கள்.

காஞ்சியில் கைலாசநாதரின் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் மெல்ல மெல்ல அரித்தது. பிற்காலத்தில் திருப்பணி செய்தவர்கள் அரித்த சிற்பத்தின் மேல் காரையை அப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்றைக்குப் போய்ப் பாருங்கள்: பல்லவச் சிற்பியின் கை எங்கே முடிகிறது, பூச்சுக்காரரின் கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் எத்தனையோ சிங்கங்கள் முகம் பருத்து நிற்கின்றன. சுற்றிலுமுள்ள சிறு சன்னிதிகளில் பல்லவர் காலத்து ஓவியங்கள் சுண்ணாம்புக்குள் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவை இருப்பதே வெளியுலகுக்குத் தெரியாது.

மாமல்லபுரத்தில் நிலைமை இன்னும் கஷ்டமானது. கோயிலின் காலடியிலேயே கடல். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாக உப்புக் காற்று கல்லை அறைந்துகொண்டிருக்கிறது. தொல்லியல் துறையினர் அங்கே என்ன செய்தார்கள்? பளபளப்பான எதையாவது பூசி மறைத்துவிடவில்லை. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில் பாறைகளைப் போட்டு அலையைத் தடுத்தார்கள்; சவுக்கு மரங்களை வைத்துக் காற்றைத் தடுத்தார்கள். பிறகு கல்லுக்குள் ஏறியிருக்கிற உப்புக்கு வந்தார்கள். காகிதத்தை நல்ல தண்ணீரில் கூழாக ஊறவைத்து அந்தக் கூழைக் கல்லின் மேல் அப்பினார்கள். கூழிலுள்ள நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. கூழ் காயக் காய உப்பு வெளியே வந்து காகிதத்தில் தங்குகிறது. பிறகு காகிதத்தை உரித்து எடுத்துவிடுகிறார்கள். உப்பு குறைகிற வரைக்கும் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள். நம் பாட்டிமார் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்களே, அதே வைத்தியம்! இவர்களும் சுவரை மூடினார்கள்தான். எடுப்பதற்காக மூடினார்கள். நாம் மறப்பதற்காக மூடுகிறோம்.

முதலில் தண்ணீர் வருகிற வழியை நிறுத்து. பிறகு உப்பை வெளியே எடு. கடைசியில் பூச்சைப் பற்றி யோசி. உலகம் முழுவதும் வரிசை இதுதான். வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். அங்கே கட்டிடங்களின் அடியில் ஈரம் புகாத இஸ்திரியக் கல்லை வைத்து, அதன் மேல் செங்கல் சுவரை எழுப்பினார்கள். காலப்போக்கில் நீர்மட்டம் உயர்ந்து கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டது. அன்று பிடித்தது சனி. 1966 நவம்பர் 4-ஆம் தேதி வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு உலகமே அந்த நகரத்துச் சுவர்களைப் பற்றிக் கவலைப்பட்டது. அங்கே கடல் உயர்ந்தது. செங்கற்பட்டில் தார்ச்சாலை உயர்ந்தது. சுவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி, எனக்குப் பதில் சொல்லத் துடிக்கிறவர்களுக்கு வருகிறேன்.

'மூடியதால்தானே பழைய ஓவியங்கள் பிழைத்தன? தஞ்சாவூரில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில்தானே சோழர் ஓவியம் இருந்தது?' என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தச் சோழர் ஓவியங்களைக் கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தையும் சேதமில்லாமல் பெயர்த்துத் தனியே பாதுகாத்தார்கள். அது ஏன் முடிந்தது? மேலே இருந்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மூச்சு விடும். பக்குவம் தெரிந்தவன் கைக்குப் பெயர்ந்தும் கொடுக்கும். சிமெண்டை அப்பியிருந்தால் பெயர்க்கும்போது சோழனும் சேர்ந்து வந்திருப்பான். போர்வை எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. போர்வைக்கு அடியில் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுகிறேன்.

'ஓகோ, இவர் சுண்ணாம்புக் காலத்துப் பேர்வழி. சிமெண்டே வேண்டாம் என்கிறார்' என்பார்கள் சிலர். போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டில் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகு உலகம் அதைக்கொண்டு அணை கட்டியது, பாலம் கட்டியது. அதன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. மாடி வீட்டுக் கான்கிரீட் தூணுக்கு அதுதான் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவருக்கு அது ஆகாது. செங்கல் மெது, சிமெண்டுப் பூச்சு கடினம். ஈரம் கடினமான பக்கம் போக முடியாமல் மெதுவான செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்புப் பூச்சோ, உப்பின் அடியைத் தானே வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றும். சில வருஷம் கழித்துப் பூச்சை மட்டும் மாற்றினால் போதும். எது வீழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்த பழைய கொத்தனாரின் புத்திசாலித்தனம் அதில் இருக்கிறது.

அந்த வித்தை அழிந்துவிடவும் இல்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசுகிற வேலை இந்தக் கடற்கரையின் சொந்த வேலை. சுட்டபோது விட்டுப்போன கரியமில வாயுவைப் பூசிய பிறகு காற்றிலிருந்து திரும்பப் பெற்று, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. அது மெதுவாக நடக்கும், அவசரக்காரர்களுக்கு உதவாது. முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டில் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால், பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய பழைய வீடுகளின் சுவர்களைத் தொட்டே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போகிற குடும்பங்கள் வழியில் இறங்கிக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டும்.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பது மூன்றாவது கேள்வி. இதை ஏழை கேட்டால் நான் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் ஏழை சுவரை மூடுவதில்லை. சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளையடிக்கிறான், அது மூச்சு விடுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர் பட்டிக்கு ஒரு தடவை, டைல்ஸுக்கு ஒரு தடவை, பலகைக்கு ஒரு தடவை பணம் கொடுத்தவர். மூன்று தடவை மறைக்கக் காசிருந்தது. ஒரு தடவை பார்க்கக் காசில்லையாம்! பார்ப்பதற்கு ஆகிற செலவு என்னவென்று சொல்லுகிறேன். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் நின்றால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பட்டி அடித்துப் பயனில்லை, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு காப்பிச் செலவுகூட ஆகாது.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. குளியலறைக் குழாய் கசிகிறதா? குழாயை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டி மண் மேடேறியிருக்கிறதா? வெட்டி எடுத்துத் தண்ணீர் ஓடச் சரிவு கொடுங்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்குகிறதா? அங்கே போங்கள். பிறகு, கெட்ட பூச்சை ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரைக்கும் கொத்திவிட்டு, உப்பைத் துடைப்பத்தால் உலர்ந்தபடியே பெருக்கி வாரி வெளியே கொட்டி, செங்கல் தெரியச் சுவரைக் கோடைகாலம் முழுவதும் காயவிடுங்கள். அதற்குப் பிறகு பூசிக்கொள்ளலாம். இதில் அதிகம் செலவாவது பொறுமைதான்.

நம்மிடம் இல்லாததும் அதுதான். மூன்று மாதம் கூடத்தில் செங்கல் தெரிந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம், வீடு இடிந்துவிடுமே என்ற பயத்தைவிட நமக்குப் பெரிதாக இருக்கிறது. இதுதான் இந்த வியாதியின் வேர். ஓதம் ஏறியது சுவரில்; உப்புப் பூத்தது நம்முடைய கௌரவத்தில். கம்பெனிகள் விற்பது பலகை என்று நினைக்கிறோம். அவர்கள் விற்பது, 'யாரும் கேட்கமாட்டார்கள்' என்கிற தைரியம். அதை வாங்கிச் சுவரில் அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரும் அதையே அடித்திருப்பதைப் பார்த்து நாம் கேட்காமல் இருந்துவிடுகிறோம். கேட்காதவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தெருவுக்குத் தெரு நடக்கிறது.

வாடகைக்கு விடுகிறவர் இந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். பழைய குடித்தனக்காரர் காலி செய்த மறுநாள் ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டுக்கென்று போனவர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, அதே பெயிண்டைக் காட்டி வருகிறவரிடம் வாடகையை உயர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே டப்பா பெயிண்டுக்கு இரண்டு பேரிடம் வசூல்! அந்த அறையில் பிறகு இருமப் போகிறது அவர் பேரக்குழந்தை அல்லவே.

ஆகவே, வாசக நண்பர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். வீடு வாங்கப் போனாலும் சரி, வாடகைக்குப் பார்க்கப் போனாலும் சரி, கூடத்தின் அழகைப் பார்க்காதீர்கள். தரையோரம் குனிந்து ஆணித் தலைகளைப் பாருங்கள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அனுபவமுள்ள ஒரு கொத்தனாரை உடன் அழைத்துப் போய், அவர் பூசுவதற்கு முன்பே, பார்த்ததற்கென்று ஒரு நாள் கூலியை அவர் கையில் மரியாதையாக வையுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிக் காட்டுகிற வீட்டில், பின்னால் ஓதமே இருந்தாலும், பேசிப் பழுது பார்த்துக்கொள்ளலாம். கழற்ற மறுக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.